நூற்றெண்பது விநாடிகள்

என் கொல்லைக்கு மேற்கு மட்டும்தான் திறந்திருக்கிறது.
கிழக்கில் பள்ளிக்கூடத்து விளக்கு,
தெற்கில் என் வீடே குறுக்கே.
மேற்கில் ஸெனோன் வீட்டுக் கூரை,
கூரை மேல் புகைக்கூண்டு,
புகைக்கூண்டுக்கு மேல், ஜனவரி முழுக்க,
இரவு இரண்டு மணிக்கு
வியாழன்.

வோம்ஜாவில் எங்கள் தெருவில் எல்லோரும் நிலக்கரிதான்.
அவர் அடுப்பின் சூடு மேலே ஏறி
என் தொலைநோக்கியின் கண்ணாடியில் வந்து இறங்கும்.
காய்கிற பாலில் ஆடை நெளிவதுபோல
நெளியும் ஒரு கோள்.
பட்டைகள் கரையும், விளிம்பு பிய்யும்,
நான்கு நிலாக்களும்
யாரோ உதறிய ஈரத் துணியின் சொட்டுகள்.

வேலியோரம் நின்று கேட்டும் பார்த்தேன்:
இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும்
அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைக்கலாமா?
அவர் சிரிக்கவில்லை.
"உன் கோளுக்குக் குளிராது, டொப்ராவா.
எனக்குக் குளிரும்."
மறுநாள் வேண்டுமென்றே ஈரக்கட்டை போட்டார்.
சத்தியமாக.

பத்தொன்பதாம் தேதி. மைனஸ் பதினாலு.
நாலு மணிக்குப் பால் டேங்கர் எடுக்க வேண்டும்,
தூங்கியிருக்க வேண்டியவள்.
மடிக்கணினியை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி
அதற்கொரு கம்பளி போர்த்தி,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
குவியத்தைத் திருகினேன்.
திருகிய கை நின்றது.

வியாழன் அசையவில்லை.

பட்டைக்குள் பட்டை,
நடுப்பட்டையின் ஓரம் நீலச் சுருள்கள்,
அதன் மேல் ஊசி குத்தியதுபோல் ஒரு கறுப்பு:
அயோவின் நிழல்.
நிற்க ஆளில்லாத அந்த இடத்தில்
அப்போது முழுச் சூரிய கிரகணம்.

பதிவை அழுத்தினேன்.
மூன்று நிமிடம்தான் கொடுக்கும் வியாழன்.
பத்து மணி நேரத்தில் ஒரு நாளை முடிக்கிற அவசரம் அதற்கு,
மேலே எடுத்தால் படம் இழுபடும்.

நாற்பதாவது விநாடியில் நினைத்தேன்: என்ன அதிர்ஷ்டம்.
எழுபதில்: காற்றுக்கு ஏன் இன்று இவ்வளவு நிதானம்?
தொண்ணூறில் தலையைத் தூக்கினேன்.
புகைக்கூண்டில் புகை இல்லை.
மைனஸ் பதினாலில்
புகை இல்லை.

பிறகும் நின்றேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
கோப்பு சேமிக்கப்பட்டது என்று திரை சொன்ன பிறகுதான்
வேலியைத் தாண்டினேன்.

சமையலறைத் தரையில் கிடந்தார்.
கரி வாளி கவிழ்ந்து, இடுப்பு முறிந்து,
கைக்கு எட்டிய மேசைவிரிப்பை
இழுத்துப் போர்த்திக்கொண்டு,
மாலை ஆறு மணியிலிருந்து.
உதடு நீலம்.
நடுப்பட்டையின் ஓரத்து அதே நீலம் என்று
என் மூளை குறித்துக்கொண்டது.
தடுக்க முடியவில்லை.

"தாமதம்" என்றார்.
ஆம்புலன்ஸை இன்னும் அழைக்கவே இல்லை.

டேங்கரை அன்று யாரோ ஓட்டினார்கள்.
வெள்ளிக்கிழமை உட்கார்ந்து
பதினாறாயிரம் துண்டுப் படங்களை
மென்பொருளிடம் கொடுத்தேன்.
கலங்கியதைக் கழித்துத் தெளிந்ததை அடுக்குவது
அதன் வேலை.
அடுக்கியது. கீழே ஒரு வரைபடமும் போட்டது.
நல்லவை அநேகமாக எல்லாமே
தொண்ணூறாவது விநாடிக்குப் பிந்தியவை.

ஏப்ரலில் நடைச்சட்டத்தை ஊன்றித் திரும்பி வந்தார்.
ஊர் முழுக்கப் பார்த்த படம்,
அவரிடம் காட்டாமல் இருக்க முடியுமா?
மூக்குக்கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டார்.
"இந்தக் கறுப்பு என்ன, தூசியா?"
"நிழல்."
"யாருடையது?"
"ஒரு நிலாவுடையது."
விரல் மெல்ல நகர்ந்து
மூலையில் அச்சான நேரத்தில் நின்றது.
02:11. 02:14.
எட்டு மணி நேரம்
சமையலறைக் கடிகாரத்தையே பார்த்துக் கிடந்தவர்.
நான் கதவைத் தள்ளிய நிமிடம் அவருக்குத் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.
"பெரிதாக ஒன்று போட்டுக் கொடு" என்றார்,
"அந்த மூலையை வெட்டிவிட்டு."

இன்று இரவும் புகை.
கூரைக்கு மேலே கொதித்துக்கொண்டிருக்கிறது வியாழன்.
படம் மேசை மேல் இருக்கிறது,
இன்னும் வெட்டவில்லை.