முதல் அடி

கட்டிலுக்கும் அடுப்படிக்கும் இடையே பதினோரு அடி.
அதில் முதல் அடி
நிஜமாகவே அடிதான்.
உள்ளேயிருந்து யாரோ குதிகாலில் ஆணி வைத்து
ஒரே போடாகப் போடுவதுபோல.
சுவரைப் பிடித்துக்கொள்வேன்.
தகரத்துக்கு அந்தப்பக்கம் கேட்காதபடி
கெட்ட வார்த்தை ஒன்று.
நான்காவது அடியில் கொஞ்சம் இளகும்.
பத்தாவதில், எல்லாம் பொய்யோ என்றிருக்கும்.

நான் எடெல்மீரா. வால்பராய்சோவில் தபால்காரி.
இந்த ஊரில் தெரு என்றால் பாதி இடத்தில் படி.
கடலிலிருந்து மேலேறும் படிகளில்
என் பங்கு நாளைக்கு ஆயிரத்து இருநூறு:
தண்ணீர்க் கட்டணம், நீதிமன்ற அறிவிப்பு,
மகன் எழுதாத கடிதத்துக்குப் பதிலாக
மருந்துக்கடை விளம்பரம்.

வலிக்கிறது என்று ஒருநாள் வாயைத் திறந்தேன்.
அவ்வளவுதான், குன்று முழுக்க வைத்தியர்கள்.
உப்பு வெந்நீர் என்றாள் மீன்கடை ஓட்டிலியா.
காலுறைக்குள் செப்புக்காசு என்றார் பூட்டுக்காரர்.
எக்ஸ்ரேயில் குதிமுள் தெரிந்தது,
கோழி நகம் மாதிரி, குட்டியாக.
பிடிபட்டான் திருடன் என்று
மூன்று வாரம் அந்தப் படத்தைத்
தபால் பையிலேயே வைத்துக் காட்டித் திரிந்தேன்.

இயன்முறை மருத்துவர் பால்தசார் ஒயார்சூன்
படத்தைக் கவிழ்த்து வைத்தார்.
"வலியே இல்லாதவர் காலிலும் இந்த முள் இருக்கும்.
எலும்பை விடுங்கள். நாரைப் பாருங்கள்."
பேனாவால் என் உள்ளங்காலில் கோடிழுத்தார்,
குதியில் ஒன்றாகத் தொடங்கி
விரல்களுக்கு ஐந்தாகப் பிரிந்தது. கூசியது.
பாதம் வில்லாம், இது நாணாம்.
இரவெல்லாம் தளர்ந்து சுருங்கிக் கிடப்பதை
விடிந்ததும் எழுபத்தெட்டுக் கிலோ
எச்சரிக்காமல் இழுக்கிறதாம்.

"ஊசி?"
"போடலாம். கொஞ்ச நாள் வாயடைத்துக் கிடக்கும்.
நார் அறுந்துபோனவர்களும் உண்டு."
"அப்போ மருந்து?"
ஜன்னலைக் காட்டினார்.
வெளியே படி.

சிரித்தேன். கோபம்தான்.

விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு,
படியின் விளிம்பில் முன்பாதம்,
குதிகால் அந்தரத்தில்.
மூன்று எண்ணி மேலே. இரண்டு எண்ணி நில்.
மூன்று எண்ணிக் கீழே.
ஒருநாள் விட்டு ஒருநாள்.
எழுவதற்கு முன் கட்டிலிலேயே
விரல்களைக் கையால் பின்னுக்கு மடக்கி,
ஒரு குழந்தையைத் தட்டியெழுப்புவதுபோல,
எழுந்திரு, எழுந்திரு, நேரமாச்சு.
ஆறு வாரம் நிவால்தோவின் துறைமுகத் தெரு எனக்கு,
அங்கே படி இல்லை.
பதிலுக்கு அவன் சனிக்கிழமைகள் என் தலையில்.
சாயங்காலம் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைக்
காலடியில் உருட்டிக்கொண்டு செய்தி பார்த்தேன்.
வழக்கமாக என் கால்சட்டையைக் கடிக்கும் நாய்
நான் ஏறாமலும் இறங்காமலும் ஒரே படியில் ஆடுவதைக் கண்டு
கடிப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் மாதம், பால்தசார் ஏமாற்றுக்காரர்.
ஐந்தாம் மாதம், ஒருவேளை.
ஆறில் ஒரு கல்யாணத்துக்குத் தட்டைச் செருப்பில் போய்
ஆடித் தொலைத்தேன்.
திரும்பவும் ஆணி, திரும்பவும் சுவர்.

ஒன்பதாம் மாதம் ஒரு விடிகாலை
அடுப்படியில் பூனை வாணலியை உருட்டியது.
ஓடினேன், விரட்டினேன், எண்ணெயைத் துடைத்தேன்.
துடைக்கும்போதுதான் உறைத்தது:
பதினோரு அடியில் ஒன்றுகூட நினைவில்லை.

நம்பவில்லை.
திரும்பிப் போய்ப் படுத்தேன், வேண்டுமென்றே எழுந்து
குதிகாலை ஊன்றினேன்.
இருந்தது, லேசாக.
விடைபெற்றுக் கிளம்பிய விருந்தாளி
வாசலில் இன்னும்
செருப்பைத் தேடுவதுபோல.