இரண்டு சாவி

பாகாவ் சாலையில், செம்பனைக்கு நடுவே
எங்கள் கால்நடை ஆய்வுக்கூடம்.
போன மாதம் நார்வேக்காரர்கள் கொடுத்தது:
உறைபெட்டி ஒன்று, பூட்டு இரண்டு.
ஒரு சாவி என்னிடம்,
மற்றது ஃபவுசியாவிடம்.
தனியாக யாரும் திறக்கக் கூடாதாம்.

பயிற்சிக்கு வந்தவர் படிவம் நீட்டினார்:
யார்மேல் சந்தேகம்?
கூட்டிப் பெருக்கும் அஞ்சலையைச்
சொல்லிவிடுவார்களோ என்று
முந்திக்கொண்டு என் பெயரை எழுதினேன்.
அவர் சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

நேற்றிரவு மின்சாரம் போனது.
மழையில் மோட்டாரோட்டி வந்தாள் ஃபவுசியா,
முக்காட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை.
சேர்ந்து திருப்பினோம்.
பனிக்கட்டிக்கு மாற்றிய குப்பிகள் நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினோம்.

வெளியே சிக்கு மரத்தில்
அதே கிருமியோடு
பழம் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தன வௌவால்கள்.
படிவத்தில்
அவற்றுக்குக் கட்டம் இல்லை.