நாற்பத்தேழாம் எண் கல்

திரையில் ஆறு நீலம்.
வயலுக்கு இளம்பச்சை, வாழைக்கு அடர்பச்சை,
வீடுகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் சிவப்பு.
எதிலும் சேராததற்குச் சாம்பல்.
ஒரு கட்டம் என்பது முப்பது மீட்டர்.
அதற்குள் ஒரு நீர்நாய்க் குடும்பம்
ஆறு தலையும் மேலே தெரிய நீந்திப் போனாலும்
எனக்கு அது நீலம்தான்.

அதனால் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.
சேரன்மாதேவிக்குக் கீழே, தென்கரையில்
பாறை பாறையாகக் குனிந்து
பீ தேடுவது என் வேலை.
வீட்டில் ஆற்று ஆய்வு என்று சொல்லியிருக்கிறேன்.

புதிதென்றால் கருப்பு, பசை, கவிச்சி.
நாலு வெயில் பட்டால் வெளுத்துப்போய்
செதிலும் நண்டோடும் மட்டும் மிஞ்சும்.
குச்சியால் கிளறி எழுதுவேன்:
நண்டு. ஜிலேபி. ஜிலேபி. நண்டு.
ஜிலேபி.
முதல் வருஷத் தாளில் மட்டும்
இரண்டு இடத்தில் விரால் இருக்கிறது.

சப்பாணிமுத்து வலையை உதறிக்கொண்டே கேட்டார்:
"அதை எண்ணி முடிச்சாச்சுன்னா தாயி
என் வலையில எத்தனை ஓட்டைன்னு எண்ணுதியா?
கத்திரிக்கோல் வச்சு வெட்டுன மாதிரி வெட்டுது, சவம்."
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.
கிழிசலுக்குள் எதிர்க்கரை தெரிந்தது,
தண்ணீர் விளிம்பு வரைக்கும் வாழை,
ஒரு மோட்டார் ஷெட்டு,
அரைத்தென்னை உயரத்துக்கு இடிந்த கரை.

அங்கே மருத மரங்கள் வரிசையாக நின்றனவாம்.
வேர்ச் சந்துகளில் குட்டி போடுமாம்.
பழைய படங்களைத் தேடித் திறந்தேன்,
முப்பது வருஷத்துக்கு ஒன்று விடாமல்.
மரம், நாணல், வேரிருட்டு எல்லாம் சேர்த்தும்
அரைக் கட்டத்து அகலம்கூட இல்லை.
எனவே எந்தப் படத்திலும் அது கிடையாது.
இல்லாததைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.
கணக்கில் ஒரு சென்ட் குறையவில்லை.

இந்தக் கரையில் வயல் வாழையாகி,
வாழை காற்றில் சாய்ந்து கடனாகி,
கடன் மஞ்சள் கல்லாகி நிற்கிறது.
வளைவில் எழுதியிருக்கிறது: மருதம் அவென்யூ.

மார்கழி பிறந்த ராத்திரி பெய்தது பாருங்கள்,
ஆறு அந்த வளைவுக்குள் நுழைந்து
மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது.
காவல்காரர் மாசானமுத்து
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.
இருட்டில் யாரோ சீட்டியடித்தார்களாம்.
பையன்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று
"எவம்ல அது? எங்கன நிக்க?" என்று
தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறார்.
விடிந்ததும் பார்த்தால்
ஆபீஸ் ஷெட்டுத் தகரத்தின் மேல் நாலு பேர்,
மீசையோடு,
ஒருத்தன் மேல் ஒருத்தன் புரண்டுகொண்டு.
"எனக்குக் கெட்ட கோவம், சிரிப்பும் வந்துட்டு."

நான் போனபோது தண்ணீர் வடிந்திருந்தது.
சகதியில் சவ்வு விரல்களின் தடம்.
நாற்பத்தேழாம் எண் கல்லின் தலையில்
கருப்பாக, ஈரமாக.
எல்லை சொல்லத்தான் அதுவும் வைக்கும்.
பத்திரச் செலவு இல்லை.

பத்து மணிக்கு மனை பார்க்க ஆள் வருவதாகப்
வாளியோடு வந்து நின்றார் மாசானமுத்து.
ஒரு நிமிஷம் அண்ணாச்சி என்றேன்.
கொஞ்சம் சுரண்டிக் குப்பியில் போட்டேன்.
அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம்.
பிறகு நிலவகை என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.
படத்தின்படி இது சிவப்பு.
வாளித் தண்ணீர் கல்லின் மேல் விழுந்து வழிந்தது.

குப்பிக் கண்ணாடியில்
நகக்கண் அளவுக்கு ஒரு செதில் ஒட்டியிருந்தது.
திருப்பிப் பார்த்தேன். ஜிலேபி இல்லை.
விரால்.
எந்தக் குளம் உடைந்து, எந்தக் கடைசி வரப்பிலிருந்து
இவ்வளவு தூரம் வந்ததோ.

வயல் என்று எழுதினேன்.
மேலதிகாரி திருத்தச் சொன்னால்
திருத்திக்கொள்ளலாம்.