கோர்டு

பாட்டில் கோர்டு என்று முதல் நாள் திரையில் வந்ததும்
சாராய வழக்குக்குத் தனிக் கோர்ட்டாக்கும் என்று நினைத்தேன்.
சுரைக்காயாம்.
ஸ்நேக் கோர்டு, ரிட்ஜ் கோர்டு, பிட்டர் கோர்டு:
பொம்மனஹள்ளிக் கிடங்கில் ஏழாம் அடுக்கு முழுக்க
ஒரே குலப்பெயர் போட்ட பங்காளிகள்.

பில் சுருளின் மிச்சத்தில் எழுதிவைத்து
சில்க்போர்டு நெரிசலில் பஸ் நிற்கும் நேரமெல்லாம் உருப்போட்டேன்.
பெல் பெப்பரில் மணியும் இல்லை, மிளகும் இல்லை.
லேடீஸ் ஃபிங்கரை விரலோடு வைத்துப் பார்த்தேன்;
எந்தச் சீமாட்டிக்கு இத்தனை பூனைமயிர்?
என் விரல் தடித்திருந்தது,
குளிர் அறையில் வெடித்தும்.

டிரம்ஸ்டிக் கேட்டவருக்கு முருங்கைக்காய் போனது.
அவர் கோழிக்காலுக்குக் காத்திருந்தாராம்.
என் கூலியில் நாற்பத்தைந்து ரூபாய் பிடித்தார்கள்.
முருங்கையைத் திருப்பியும் தரவில்லை அந்த மனுஷன்.

பக்கத்து வரிசை திகம்பர், ஒடிசாக்காரன்.
அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பேச்சு.
கன்னடம் ரெண்டு பேருக்கும் அரைகுறை.
ஆனால் மேலாளர் படியேறும்போது
உதடு அசையாமல் "பிட்டர் கோர்டு" என்பான்,
நான் திரைக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.
சம்பளம் தள்ளிப்போனால் "கேபேஜ்":
உரிக்க உரிக்க ஒன்றுமில்லை.
மகள் பிறந்த சேதி வந்த ராத்திரி
போனை நீட்டிச் சொன்னான்: "பேபி கார்ன்."
அன்றைக்கு அத்தனை ஆர்டரும் தாமதம்.

பிள்ளையைப் பார்க்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை.
அவன் இடத்தில் ஒரு பையன்,
இங்கிலீஷ் நன்றாகவே வருகிறது.
மேலாளர் படியேறுகிறார்.
பிட்டர் கோர்டு, என்றேன்.
பையன் ஓடிப்போய்
அரைக்கிலோ எடுத்துவந்து நீட்டுகிறான்.