பதினேழு தூக்கு

ஆரோக்கிய பர்னபாஸ் என்ற பெயர்
டைட்டிலில் இடத்தை அடைக்கும் என்று
யாரோ ஒரு தயாரிப்பாளர் வெட்டிப்
'பரணி' ஆக்கினார்.
அதையும் போட்டது இரண்டு படத்தில்தான்.
மற்றதில் எல்லாம் மற்றும் பலர்.

கல்மண்டபம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில்
முப்பத்தெட்டு ரூபாய் வாடகைக்கு இருந்தார்.
துறைமுகத்தில் மூட்டை எண்ணும் உத்தியோகம்.
கால்ஷீட் வந்தால் வயிற்றுவலி என்று லீவு எழுதிவிட்டு
பீச் ஸ்டேஷனில் ரயிலேறிக் கோடம்பாக்கம் போவார்.
முப்பதிலேயே நரைத்த கிருதா,
புருவ நடுவில் செங்குத்தாய் ஒரு கோடு.
அந்தக் கோட்டுக்குத்தான் சம்பளம் என்பார் அப்பா.

நாற்பத்தொரு படம். எல்லாவற்றிலும் ஜட்ஜ்.
அங்கிக்குக் கீழே லுங்கி; மேஜை மறைத்துவிடும்.
பதினேழு பேருக்குத் தூக்கு கொடுத்திருக்கிறார்
(பதினாறு பேர் நிரபராதி என்று
அடுத்த ரீலில் தெரிந்துவிடும்).
சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால்
தண்டையார்பேட்டைக் கொட்டகையில்
தரை டிக்கெட்டும் அடங்கும்.

குரல் அவருடையது இல்லை.
வாயைத் திறந்தால் ராயபுரம் வந்துவிடும்,
அதுவும் கீச்சென்று.
மயிலாப்பூர்க்காரர் ஒருவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு
இருட்டறையில் நின்று அவருக்காகக் கர்ஜித்தார்.
இருவரும் சந்தித்ததே இல்லை.

அறுபத்தொன்பதில் அப்பா கேஸ் போட்டார்.
சித்தப்பாவுக்குக் கல்யாணம், மாடி வேண்டும்.
வாய்தாவுக்கு முந்தின ஞாயிறு
குடும்பத்தோடு அவர் படத்துக்கே போனோம்.
தீர்ப்புக் காட்சியில் அப்பா
காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோர்ட்டுக்கு நானும் போனேன். ஒன்பது வயது.
சுத்தியலைத் தேடினேன்.
நிஜ ஜட்ஜின் மேஜையில்
மூடி போட்ட ஒரு தண்ணீர் டம்ளர்,
அவ்வளவுதான்.

கூண்டில் ஏறினார். கையில் பதினோரு வருஷத்து ரசீது.
ஏதோ சொன்னார்.
"உரக்கச் சொல்லும்" என்றார் ஜட்ஜ்.
மறுபடி சொன்னார்.
"உரக்க."
டவாலி சிரித்ததை நான் பார்த்தேன்.
எங்கள் வக்கீலுக்கு மட்டும் ஆள் தெரிந்திருக்கிறது.
ஜெயித்துவிட்டு வெளியே வந்ததும்
மனைவிக்கு என்று ஒரு கையெழுத்து கேட்டார்.
கேஸ் கட்டின் முதுகிலேயே போட்டுக் கொடுத்தார்.

மூன்று மாதத் தவணை. இரண்டிலேயே காலி செய்தார்.
கொருக்குப்பேட்டை போனதாகக் கேள்வி.
மாடிப்படிக்கு அடியில் மரச் சுத்தியல் கிடந்தது.
மறந்தாரா, விட்டாரா?
அம்மா அதில் நண்டுக்கால் உடைத்தாள்.
இப்போது என் மனைவி.
எத்தனை கழுவியும் கவிச்சி போவதில்லை.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு
தூக்கம் பிடிக்காமல் டிவியைப் போட்டால், அவர்.
கதாநாயகனுக்குத் தீர்ப்பு வாசிக்கிறார்.
பேத்தி விழித்துக்கொள்வாள் என்று ஒலியை அணைத்தேன்.
மயிலாப்பூர்க்காரர் போய்விட்டார்.
மிச்சம் உதடுகள்.

"எப்டியும் வேற ஆளுதான் பேசப் போறான்,
இன்னாத்துக்கு மனப்பாடம் பண்ணணும்?"
படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபடி
ஒருநாள் என்னிடம் சொன்னது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன்.
நாப்பத்தாறு. நாப்பத்தேழு.
நாப்பத்தெட்டு கிழிசல், ஓரமா வை.
நாப்பத்தொம்போது.
கதாநாயகி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.
ஐம்பதில் நிறுத்தி
பேனா முனையை உடைத்தார்.