பொருள் நிரல்: நான்கு

மாதத்தின் முதல் செவ்வாய், மாலை ஏழரை.
குதைபியாவில் ஒரு சலவைக்கடையின் மாடி.
கீழே நீராவி இஸ்திரி மூச்சுவிட
மேலே ஒன்பது பேர்
இறந்துபோன ஒருவரைப் பராமரிக்கிறோம்.

தூமா ஸைகலி பாரம்பரியச் சங்கம்.
பதிவு உண்டு, முத்திரை உண்டு,
வங்கியில் இருநூற்றுப் பதினாறு தினார் உண்டு.
செயலாளர் நான்.
கட்டடக்கலை தெரியும் என்பதால் அல்ல,
பேசுவதைப் பேசியபடியே எழுதிவிடுவேன் என்பதால்.
எழிலரசி என்பதைத் தலைவர் லுல்வா
‘எஸில்’ என்பார்.
குறிப்பேட்டில் மட்டும் முழுதாகக் கையெழுத்திடுவேன்.

ஆண்டுக்கொருமுறை அவர் பிறந்தநாளில்
பழைய மீன்சந்தையைச் சுற்றி நடை.
பதினாலு கூரைகள், மடித்த காகிதம்போல,
ஒன்றின் நிழல் அடுத்ததன் காலில் விழும்.
எழுபத்திரண்டில், ஓர் உணவகத்தில்,
கைதுடைக்கும் தாளில் வரைந்தாராம்.
அந்தத் தாள் இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது.
மூன்றும் அசல்.

வருகிறவர்களுக்குத் தொப்பியும் லபானும் தருவோம்.
போன வருடம் ஒரு நெத்திலி வியாபாரி
கத்தியைத் துடைத்தபடி கேட்டார்:
‘எல்லாரும் மேலேயே பார்க்கிறீர்களே,
புறா தொல்லையா?’

எங்கள் கடிதத்தாளின் தலையில் அவர் வாசகம்:
‘உள்ளதைக் கொண்டு செய்யுங்கள்.’
ஒப்பந்தக்காரருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரி அது.
சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்,
கையெழுத்தின் அழகுக்காக.
பிரெஞ்சு. மேலே உள்ள ஆறு வரிகளை
யாரும் படித்ததில்லை.

பகலில் ஸித்ராவில், கான்கிரீட் பரிசோதனைக்கூடத்தில் நான்.
தூண்களில் துளைத்தெடுத்த உருளைகளைப் பிளந்து
மருந்து தெளிப்பேன்.
உயிருள்ள கான்கிரீட் நாணும்,
பீட்ரூட் அரிந்த பலகைபோல.
செத்தது சாம்பலாய் அப்படியே கிடக்கும்.

சந்தையை இடிக்க அறிவிப்பு ஒட்டிய வாரம்
பதினொரு உருளைகள் வந்தன.
எண் மட்டும்தான் எழுதியிருந்தது.
ஏழாவதைத் தொட்டதும் தெரிந்துவிட்டது:
மூன்றாம் கூரை, தென்மேற்குத் தூண்,
நடையில் நான் நின்று தண்ணீர் குடிக்கும் இடம்.

ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்வரை நாணமில்லை.
கம்பி இருப்பது நாற்பதில்.

அரைத்து உப்பும் பார்த்தேன்.
கடற்காற்று தந்த உப்பென்றால்
உள்ளே போகப்போகக் குறையவேண்டும்.
இதுவோ தோலிலும் நடுவிலும் ஒரே அளவு.
குழைக்கும்போதே சேர்ந்தது.

அன்றிரவு சட்டத்தைக் கழற்றி
கடிதத்தைக் கீழ்த்தளத்து மொராக்கோக்காரரிடம் கொடுத்தேன்.
சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே படித்தார்:
நல்ல தண்ணீர் லாரி வரவில்லை என்கிறீர்கள்.
கிணற்றில் தண்ணீர் இருக்கிறதல்லவா.
திறப்பு நாள் தள்ளாது.
உள்ளதைக் கொண்டு செய்யுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள் எங்களூரில்.
கம்பி நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறது
ஐம்பது வருடம்,
உள் அளவும்.

இந்தச் செவ்வாய், பொருள் நான்கு:
‘சந்தை உறுதியாக உள்ளது எனச் செயலாளர்
தம் கூடத்திலிருந்து சான்று பெற்றுத் தரலாம்.’
முன்மொழிந்தவர் கேவோர்க். வழிமொழிந்தவர் அனிசெட்டோ.
எழுதினேன்.
பிறகு பேனாவை மூடிவிட்டு
எடுத்துவரக் கூடாத பாதி உருளையை
கைப்பையிலிருந்து மேசையில் வைத்தேன்.
தெளித்தேன்.

விளிம்பு சாம்பல்.
நடுவில் ஒரு நாணய அளவுக்கு
மெல்ல மெல்ல
ரோஜா.

கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.
கீழே இஸ்திரி இருமுறை மூச்சுவிட்டது.
‘அவரா சொன்னார்?’ என்றார் அனிசெட்டோ.
கேட்கும்போதே கடிதத்தாளைக் கவிழ்த்து வைத்தார்.
லுல்வா மட்டும் கேட்டார்: ‘எத்தனை வருடம்?’
‘ஏழு. முட்டுக்கொடுத்தால் பத்து.’
‘முட்டுக்கு எவ்வளவு?’
‘இருநூற்றுப் பதினாறு தினார் போதாது.’
யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

நிறம் அதிக நேரம் நிற்காது என்றேன்.
கேவோர்க் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கேமராவைத் திறந்தார்.
முப்பது வருடமாகக் கூரைகளையே எடுத்தவர்,
மேசைமேல் குனிந்து
மூச்சை அடக்கிக்கொண்டார்.

பொருள் நான்கு: ஒத்திவைக்கப்பட்டது.
பொருள் ஐந்து: கடிதத்தை எந்தச் சுவரில் மாட்டுவது,
எத்தனை வரிகளோடு.