வந்து சேர்ந்துவிட்டீர்கள்

உலான்பாத்தரின் வடக்கு விளிம்பில்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
உள்ளே ஞாம்ட்செரேன்
லேமினேஷன் எந்திரத்தின் முதுகில்
விரல்களைக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.

புருவத்தில் உறைபனியோடு வருகிறான் புரேவ்தோர்ஜ்.
"என் வீட்டுக்கு ஒன்று போட்டுக்கொடு.
போனில் காட்டினால் வழி சொல்லுமே,
அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம்."

எங்கே உன் வீடு?
"தண்ணீர்க் கொட்டகை தாண்டி இரண்டாவது ஏற்றம்.
நீல வேலி. நாய் குரைக்கும்."

மலைச்சரிவு முழுக்க நீல வேலி.
எல்லா வேலிக்குள்ளும்
குரைக்க ஒன்று இருக்கிறது.

போன ஜனவரியில் ஆம்புலன்ஸும் இதையேதான் கேட்டது.
இவனும் இதையேதான் சொன்னான்.
சிவப்பு விளக்கு மேலே போய்க் கீழே வந்து
மறுபடி மேலே போக,
பார்த்துக்கொண்டே நின்றவன்
மனைவியைத் தண்ணீர் வண்டியில் உட்காரவைத்துத்
தள்ளிக்கொண்டு இறங்கினான்.
கொட்டகை வாசலில்,
வரிசையில் வைத்த பிளாஸ்டிக் கேன்களுக்கு நடுவில்
பிறந்தாள் மகள்.

ஞாம்ட்செரேன் வரைபடத்தை விரிக்கிறாள்.
வானத்திலிருந்து எடுத்த படத்தில்
கம்பளிக் கூடாரங்கள் வெள்ளைப் பொத்தான்கள்.
இதுவா? இல்லை, பக்கத்தில்.
இதுவா? குழிக்கு இந்தப் பக்கம்.
அவன் நகம் பட்டு
இரண்டு குடும்பம் தள்ளி விழுகிறது குறி.

நாற்பத்தேழு புள்ளி ஒன்பது என்றால் ஊர்.
மூன்றாம் இலக்கத்தில் சந்து வருகிறது.
நான்காவதில் வேலி.
ஐந்தாவதைத் தட்டும்போது
அடுத்த அடி வைக்க இடமில்லாமல்
அவன் கதவில் மூக்கு இடிக்க நிற்கிறாள்.

முகவரி.
முகம் இவனிடம் எப்போதும் இருந்தது.
வரிதான் இல்லை.

சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை விட்டாக வேண்டும்,
இல்லாவிட்டால் போனுக்குக் கண் தெரியாது.
பத்துப் பிரதி:
பேருந்துக் கம்பத்துக்கு, நர்ஸுக்கு,
நிலக்கரிக்காரனுக்கு, மாமியாருக்கு...
ஒவ்வொன்றையும் தன் விரிசல் விழுந்த போனில்
காட்டிப் பார்த்தே கொடுக்கிறாள்.

மே மாதம் மறுபடி வந்தான்.
"உன் கட்டம் பொய் சொல்கிறது."

வெள்ளவாய்க்கால் ஓரம் வேண்டாமென்று
கூடாரம் மடித்து, வேலிப் பலகை பிடுங்கி,
இரும்புக் கதவையும் லாரியில் ஏற்றி
எதிர்ச்சரிவுக்குப் போய்விட்டார்களாம்.
மாமியார் நேற்று
இறைச்சி மூட்டையோடு கட்டத்தை நம்பி நடந்து,
புல் முளைக்காத ஒரு வட்டத்தின் நடுவில் நின்றிருக்கிறாள்.
வந்து சேர்ந்துவிட்டீர்கள்,
என்றதாம் போன்.
கிழவி சுற்றிலும் பார்த்துவிட்டு
போனையே திட்டினாளாம், அரை மணி நேரம்.

ஞாம்ட்செரேனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"அது உன்னைக் காட்டவில்லையப்பா.
நீ சொன்ன இடத்தைக் காட்டுகிறது.
நீ எழுந்து போனது அதற்கு எப்படித் தெரியும்?"

அப்படியானால் நகர்கிற மாதிரி ஒன்று போடு.

போடலாம்.
கட்டம் என் கணக்குக்கு வரும்,
அங்கிருந்து உன் வீட்டுக்குத் திருப்பிவிடுவேன்.
போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

இப்போது சரிவில் பாதிப் பேர்
கூடாரம் பிரிக்கும் முன் அவளுக்குத்தான் சொல்கிறார்கள்.
சிலர் காரணத்தையும் சொல்கிறார்கள்.
கடன், கணவன், பக்கத்து வீட்டு நாய்.
அவள் இலக்கங்களை மட்டும் மாற்றுகிறாள்.

அன்று கிளம்பியவன் வாசலில் திரும்பினான்.
"இன்னொன்று வேண்டும். தண்ணீர்க் கொட்டகை வாசலுக்கு."
அங்கே எவனுக்கு வழி தெரியாது?
"இது நகரக் கூடாது" என்றான்,
கேட்டதற்குப் பதில் சொல்லாமல்.

மகளின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.
ஒரு மூலையை அவளே மென்றுவிட்டாள்.
மிச்சத்தை வைத்து
இன்னும் சரியாகக் கூட்டிப்போகிறது.

லேமினேஷன் தனிக்காசு என்று
அப்போதே சொன்னாள் ஞாம்ட்செரேன்.